சித்திரை வைகாசியில் லகூனிலும் பாக் நீரிணையிலும் காற்று எப்படி இருக்கும்?

துடுப்பு | ஏப்ரல் 8, இரவு 9:20

வணக்கம். முத்துப்பேட்டை லகூனில், அதாவது கடலை ஒட்டிய காயலில், வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவன் நான். இங்கே இதுவரை படிப்பதோடு சரி, எழுதியதில்லை. போன வாரம் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

மாலை நாலரை இருக்கும். நானும் சித்தப்பா மகனும் வலையை எடுத்துக்கொண்டிருந்தோம். மத்தியானத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்த கடல்காற்று திடீரென்று நின்றுவிட்டது. எண்ணெய் ஊற்றினாற்போலத் தண்ணீர். பனியன் உடம்போடு ஒட்டுகிற புழுக்கம். மேற்கே தம்பிக்கோட்டைப் பக்கம் கருத்துக் கிடந்தது, ஆனால் எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். "அது பட்டுக்கோட்டையில பெய்யுது, இங்க வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போயி காப்பி குடிச்சிடலாம்" என்றான் தம்பி.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதலில் வந்தது மண் வாசனை. சுற்றிலும் உப்புத் தண்ணீர், நடுவில் புழுதி நனைந்த வாசனை. அடுத்து பிடரியில் ஒரு குளிர். நிமிர்ந்து பார்த்தால் கரையோர அலையாத்தி மரங்கள் இலையைப் புரட்டிக்கொண்டிருந்தன. அலையாத்தி இலைக்கு அடிப்பக்கம் வெளுப்பு. பச்சையாய் இருந்த காடு ஒரு ஓரத்திலிருந்து வெள்ளையாகிக்கொண்டே வந்தது. அது எங்களைத் தொட்டதும் வள்ளம் பக்கவாட்டில் சாய்ந்தது. மழை ஒரு சொட்டு இல்லை, காற்று மட்டும். இடுப்பளவுத் தண்ணீர்தானே, கழியை ஊன்றி நிறுத்திவிடலாம் என்று பார்த்தால் கழி சேற்றில் முழம் முழமாக இறங்குகிறது, வள்ளம் நிற்கவில்லை. முகத்துவாரத்துப் பக்கமாகவே தள்ளிக்கொண்டு போனது. இருபது நிமிஷம் கழித்து ஒரு திட்டில் தட்டி நின்றோம். மழை அதற்கப்புறம்தான் வந்தது. வலையில் பாதி போச்சு.

அன்று காலை அறிக்கையில் "மீனவர்களுக்கான எச்சரிக்கை: ஏதுமில்லை". புயலும் இல்லை, தாழ்வும் இல்லை. அப்படியானால் இது என்ன? இந்தச் சித்திரை, வைகாசி எப்படி இருக்கும் என்று முன்கூட்டி எங்கே பார்ப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உளுந்துக்காடு | ஏப்ரல் 8, இரவு 9:41

மழை என்றைக்கு என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். உளுந்து பிடுங்கிக் களத்தில் கிடக்கிறது. இன்னும் நாலு நாள் வெயில் வேண்டும். அதற்கப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் பெய்யட்டும்.

கருக்கல் | ஏப்ரல் 8, இரவு 10:35

துடுப்பு அண்ணே, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். நான் ஒரத்தநாட்டுக்காரன். வானிலை படித்தவன் இல்லை. ரேடார் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகியது, அவ்வளவுதான்.

நீங்கள் மாட்டியது மழையில் இல்லை, மழைக்கு முன்னால் ஓடிவரும் காற்றில். பங்குனி, சித்திரையில் உள்மாவட்டத் தரை காய்ந்து கொதிக்கிறது. பிற்பகலில் கிழக்கிலிருந்து கடல்காற்று உள்ளே நுழைகிறது. ஈரத்தைக் கொண்டுவருவது அதுதான். மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்றோடு அது முட்டிக்கொள்ளும் இடத்தில், புதுக்கோட்டை, திருச்சி, பெரம்பலூர் பக்கம், மேகம் விறுவிறுவென்று எழும்புகிறது. பன்னிரண்டு, பதினைந்து கி.மீ. உயரம்வரைகூடப் போகும். மேலே அடிக்கும் காற்று மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ இருந்தால் அந்த மேகம் சாயங்காலம் நம் பக்கம் நகர்ந்து வரும். உயரத்துக் காற்று கிழக்கிலிருந்து இருந்தால் மேகம் மேற்கேயே போய்விடும், நமக்கு வெறும் வேர்வை.

சரி, காற்றுக்கு வருகிறேன். மேகத்திலிருந்து விழும் மழையில் ஒரு பங்கு தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடுகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றைக் குளிர வைக்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்கிறதே, அதே கணக்கு. குளிர்ந்த காற்று கனம். தொப்பென்று கீழே விழுந்து, திண்ணையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் பரவுகிற மாதிரி நாலாபக்கமும் ஓடுகிறது. மேகம் நகரும் திசையில் வேகம் இன்னும் கூடுதல். மழைக்கு இருபது கி.மீ. முன்னால்கூட ஓடிவரும். உங்களுக்கு அடித்த மண் வாசனை பட்டுக்கோட்டைப் புழுதியாகத்தான் இருக்கும்.

முன்கூட்டிப் பார்ப்பது பற்றி. மார்ச் முதல் மே வரைக்கான பொது முன்னறிவிப்பை இந்திய வானிலைத் துறை பிப்ரவரி கடைசியை ஒட்டி வெளியிடும். வெயில் வழக்கத்தைவிடக் கூடுமா, மழை கூடுமா குறையுமா என்று அதில் இருக்கும். வள்ளம் எடுப்பவருக்கு அதனால் ஒரு காசுக்குப் பயனில்லை. எந்த நாள், எந்த ஊர் என்பது முதல்நாள் இரவுகூடத் தெரியாது. அன்றைக்குக் காலையில் "இடி மின்னலுடன் மழை, காற்று மணிக்கு 40 முதல் 50 கி.மீ." என்று மாவட்டப் பெயர் சொல்வார்கள். அதற்குக் கீழே மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பு. அதற்கும் கீழே ரேடார்.

நமக்குக் காரைக்கால் ரேடார் இருக்கிறது. லகூனிலிருந்து சுமார் எழுபது கி.மீ. ஆனால் இந்த ஓட்டக்காற்று தரையை ஒட்டி ஓடுவது, ஒரு கி.மீ. உயரத்தைத் தாண்டாது. எழுபது கி.மீ. தள்ளி வரும்போது ரேடார் கதிர் கிட்டத்தட்ட அந்த உயரத்துக்கு ஏறிவிடும். மழை தெரியும், காற்று தெரியாமல் போகலாம். படத்தில் சிவப்பு எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் இருபது கி.மீ. உங்கள் கையால் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆறுகாட்டுத்துறை | ஏப்ரல் 9, காலை 5:50

கருக்கல் தம்பி சொன்ன விளக்கம் சரி. படிக்காத நாங்களும் அதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தோம்.

கச்சான் என்றால் கரையிலிருந்து வரும் காற்று. விடியற்காலைக் கச்சான் நல்ல பிள்ளை. பாயைக் கட்டினால் படகைத் தானே கடலுக்குக் கொண்டுபோகும். சாயங்காலம் இடியோடு வரும் கச்சான் அந்தப் பிள்ளை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கும் வாடையும் கொண்டலும் எவ்வளவு கடுமை என்றாலும் கடலிலிருந்து கரைக்குத்தான் தள்ளும். படகு உடைந்தாலும் ஆள் கரை ஒதுங்குவான். சித்திரைக் காற்று ஆளைக் கரையிலிருந்து கடலுக்குள்ளே தள்ளும். முகத்துவாரத்துப் பக்கம் போனதாகத் துடுப்பு எழுதியிருக்கிறாரே, எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த ஒரு வரிதான்.

இன்னொன்று. 15ஆம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள். முன்னே 45 நாளாக இருந்தது, 2017இலிருந்து 61. விசைப்படகெல்லாம் கரையேறிவிடும், பெயிண்ட் அடிப்பதும் பலகை மாற்றுவதுமாக இருப்பார்கள். கடலில் மிஞ்சுவது ஃபைபர், வள்ளம், கட்டுமரம். மற்ற மாதத்தில் எஞ்சின் நின்றால் துணியை ஆட்டினால் போதும், கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு விசைப்படகு இருக்கும், கயிறு போட்டு இழுத்துவந்துவிடுவான். தடைக்காலத்தில் யாரும் இல்லை. இடி அதிகமாக இருக்கும் இந்த இரண்டு மாதத்தில் கடலில் இருப்பது வருஷத்திலேயே சின்ன படகுகள்.

1ஆம் எண் கூண்டு, 3ஆம் எண் கூண்டு எல்லாம் தாழ்வு மண்டலம், புயல் என்றால். சித்திரை இடிக்குக் கூண்டு ஏற்றி நாற்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. ஆகவே எச்சரிக்கை ஏதுமில்லை என்பதைப் புயல் ஏதுமில்லை என்று படியுங்கள்.

தலைஞாயிறு | ஏப்ரல் 9, காலை 11:05

இந்த மே மாதம் கஜா புயல் மாதிரி ஒன்று நாகைக்கு வருகிறது என்று யூடியூபில் ஒருவர் மேப் போட்டுப் பேசுகிறாரே? எங்கள் தெருவே பார்த்துவிட்டுப் பயந்து கிடக்கிறது. கஜாவில் ஓடு பறந்த வீட்டை இன்னும் சிலர் முழுசாகச் சரிசெய்யவில்லை.

கருக்கல் | ஏப்ரல் 9, பகல் 1:30

ஒரு மாதம் முன்னால் ஊர் பெயரோடு புயல் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. அந்தக் காணொளியை மூடிவிட்டு வேலையைப் பாருங்கள்.

டெல்டாவை அடித்த பெரும்புயல்களின் மாதத்தைப் பாருங்கள். 1952 நாகைப் புயல் நவம்பர். 1977 நவம்பர். நிஷா 2008 நவம்பர், காரைக்கால் பக்கம். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். ஏப்ரல், மே மாதத்தில் வங்கக்கடலில் புயல் உருவாவது உண்டு, ஆனால் பெரும்பாலும் வடக்கே திரும்பிப் போய்விடும். 2010 லைலா ஆந்திராவுக்கு, 2016 ரோவானு வங்கதேசத்துக்கு, 2019 ஃபானி பூரிக்கு, 2020 அம்பன் மேற்கு வங்கத்துக்கு. அப்படிப் போகும்போது நம்மிடமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். நமக்கு மேற்கிலிருந்து வரும் காற்றும் வறட்டு வெயிலும்தான் மிச்சம்.

வரவே வராது என்று சத்தியம் செய்யமாட்டேன். 2022 மார்ச் முதல் வாரத்தில், யாரும் எதிர்பார்க்காத மாதத்தில், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று தமிழகக் கரைப் பக்கம் வந்து வலுவிழந்தது. ஆனால் அந்த மாதிரி ஒன்று வந்தால் நாலு நாள் முன்பே தெரியும். டிவியில் ஓடும், தண்டோரா போடுவார்கள். நாம் பேசிக்கொண்டிருப்பது ஒரு மணி நேரம் முன்பு தெரிந்தாலே பெரிய விஷயம் என்கிற ஒன்றைப் பற்றி.

தலைஞாயிறு | ஏப்ரல் 9, பகல் 1:44

அப்போ கள்ளக்கடல்? அதற்கும் ஒரு காணொளி வந்திருக்கிறது.

கருக்கல் | ஏப்ரல் 9, பகல் 1:58

அது தெற்கே வெகுதூரத்தில், தென் இந்தியப் பெருங்கடலில் அடித்த காற்றில் கிளம்பி வரும் நீள அலை. கேரளாவும் கன்னியாகுமரியும் கவலைப்பட வேண்டியது. நமக்குத் தெற்கே இலங்கை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

மன்னையிலிருந்து_மிச்சிகன் | ஏப்ரல் 9, இரவு 8:15

ஊர் மன்னார்குடி, இப்போது மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு ஊரில் வேலை. இங்கே வரும்வரை எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் ஹரித்ராநதி தெப்பக்குளம்தான். மிச்சிகன் ஏரி சுமார் 58,000 சதுர கி.மீ., தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு. எதிர்க்கரை தெரியாது. உப்பில்லாத கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேயும் வசந்தகாலத்தில் இதே பேச்சுதான் ஓடும். ஆனால் விஷயம் தலைகீழ். ஏப்ரலில் ஏரித்தண்ணீர் நாலைந்து டிகிரி. கரையில் வெயில் அடித்து இருபது டிகிரி வந்துவிடும். சூடான காற்று குளிர்ந்த தண்ணீர்மேல் படுத்துக்கொண்டால் மேலும் கீழும் கலக்காது. பனிமூட்டம் பிடிக்கும், காற்று அடங்கி ஏரி சாதுவாகத் தெரியும். தனியாக வரும் சின்ன இடிமேகம் ஏரிக்கு மேல் வந்ததும் வலு குறைவதும் உண்டு. ஆனால் வரிசை கட்டி வரும் இடிமேகம் குளிரையெல்லாம் பார்க்காது, தாண்டிக்கொண்டு வந்துவிடும். அரைக்கைச் சட்டையோடு படகில் போனவன் அந்தத் தண்ணீரில் விழுந்தால் சில நிமிஷத்தில் கை விரல் மடங்காது. உங்களுக்கு அந்தப் பயம் இல்லை, லகூன் தண்ணீர் சித்திரையில் வெந்நீர் மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. இடிமழைக்காற்று 34 நாட் அளவை, அதாவது மணிக்கு சுமார் 63 கி.மீ. வேகத்தை, எட்டும் என்று பட்டால் ஏரிக்கென்றே தனியாக ஒரு எச்சரிக்கை விடுகிறார்கள். அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்கு. எந்த ஊருக்கு நேரே, கரையிலிருந்து எவ்வளவு தூரம்வரை என்று தண்ணீரைப் பெயர் சொல்லி இருக்கும். படகு ரேடியோவில் உடனே ஒலிக்கும். நம் ஊரில் உடனடி முன்னறிவிப்பு மாவட்டக் கணக்கில் வருகிறது. திருவாரூர் மாவட்டம் என்று சொன்னால் வலங்கைமானும் அதுதான், லகூனும் அதுதான். வலங்கைமானில் இடிக்கும் இடிக்கு லகூன்காரர் ஏன் வலையைச் சுருட்ட வேண்டும்? நாலு தடவை அப்படி ஆனால் ஐந்தாம் தடவை யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1954 ஜூன் 26 காலை, இப்படி ஒரு இடிமேக வரிசை ஏரியைக் கடந்துபோயிற்று. காற்று ஓய்ந்தது. சிகாகோவில் துறைமுகச் சுவர்மேல் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காற்று தள்ளிவிட்ட தண்ணீர் எதிர்க்கரையில் மோதித் திரும்பி, சுமார் பத்தடி உயரத்துக்கு எழும்பி வந்து அவர்களை அடித்துக்கொண்டு போனது. எட்டுப் பேர் செத்தார்கள். காற்று நின்ற பிறகு வந்த அலை அது. லகூனில் பத்தடியெல்லாம் வராது. ஆனால் காற்று நின்றதும் தண்ணீரும் நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

துடுப்பு | ஏப்ரல் 9, இரவு 9:02

மிச்சிகன் தம்பி, நீங்கள் கடைசியாகச் சொன்னது எங்களுக்கும் நடந்தது, எழுத விட்டுப்போச்சு. திட்டில் தட்டி நின்றபோது வள்ளத்தைச் சுற்றி முழங்கால் தண்ணீர் இருந்தது. காற்று அடிக்க அடிக்க அதுவும் வடிந்து, சேற்றில் உளுவை மீன் துள்ளுவது தெரிந்தது. ஏற்றவற்றக் கணக்குப்படி அது வற்றும் நேரமே இல்லை. சரி, இறங்கித் தள்ளலாம் என்று தம்பி காலை வெளியே வைத்தான், நான்தான் இரு என்றேன். காற்று அடங்கி அரை மணிகூட இருக்காது, தண்ணீர் சலசலவென்று திரும்பி வந்து வள்ளத்தைத் தானே தூக்கிவிட்டது. அவன் இறங்கியிருந்தால் இடுப்புவரை சேற்றில் நின்றிருப்பான்.

பறிக்கூடை | ஏப்ரல் 10, காலை 6:30

படகைப் பற்றியே பேசுகிறீர்கள். பிச்சாவரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பெண்கள் படகில் போவதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறோம். பரந்த தண்ணீரில் நிற்பது எங்கள் தலை மட்டும்தான். காற்றுக்கு நாங்கள் பயப்படவில்லை, மின்னலுக்கு என்ன செய்வது? இரண்டு கையும் தண்ணீருக்குள், ஃபோன் கரையில் புடவை முடிச்சில். மஞ்சள் எச்சரிக்கை வந்தால் யார் பார்ப்பது? வந்தாலும் தினமும்தான் வருகிறது.

கருக்கல் | ஏப்ரல் 10, காலை 7:15

அக்கா, உங்களுக்குக் காதுதான் எச்சரிக்கை. இடிச்சத்தம் மூன்று விநாடிக்கு ஒரு கி.மீ. தூரம் வரும். மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணி, மூன்றால் வகுத்தால் எத்தனை கி.மீ. என்று கிடைக்கும். முப்பது எண்ணுவதற்குள் கேட்டால் பத்து கி.மீ.க்குள், தண்ணீரில் ஒரு நிமிஷம் நிற்கக்கூடாது. உண்மையைச் சொன்னால், எண்ணிக்கொண்டு நிற்பதே வேண்டாம். இடி காதில் விழுந்தாலே கிளம்பிவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் மறுபடி இறங்க வேண்டும். கரையில் ஒரு ஆள் இருந்தால் தாமினி செயலியைப் பார்க்கச் சொல்லுங்கள், சுற்றி இருபது, நாற்பது கி.மீ.க்குள் மின்னல் விழுவதைக் காட்டும்.

ஆறுகாட்டுத்துறை | ஏப்ரல் 10, காலை 9:40

நல்ல யோசனை. ஆனால் கரை ஒரு மணி நேரத் தூரம் என்றால்? நாங்கள் செய்வது இது: கழி, கொம்பு, எது நட்டமாக நிற்கிறதோ அதைப் படுக்கப் போடு. எஞ்சினை நிறுத்திவிட்டு அதைத் தொடாதே. படகு நடுவில் குந்து. லகூனாக இருந்தால் பக்கத்து வாய்க்காலுக்குள் நுழைந்துவிடு, காட்டுக்குள் காற்று நுழையாது.

கருக்கல் | ஏப்ரல் 10, காலை 10:05

ஐயா, மரத்தடிக்குப் போகாதே என்று ஊரெல்லாம் சொல்கிறோம், நீங்கள் காட்டுக்குள்ளேயே போகச் சொல்கிறீர்களே?

ஆறுகாட்டுத்துறை | ஏப்ரல் 10, காலை 10:20

ஒற்றைப் பனையடியில் நில் என்றா சொன்னேன்? வாய்க்கால் ஓரம் அலையாத்தி அத்தனையும் ஒரே உயரம், அதுவும் குட்டை. வாய்க்கால் நடுவில் நில், மரத்தில் படகைக் கட்டாதே. வெட்ட வெளித் தண்ணீரில் நட்ட நடுவே நிற்பதற்கு இது தேவலை. கரைக்கு வந்துவிட்டால் அதற்குமேல் பேச்சே இல்லை.

கருக்கல் | ஏப்ரல் 10, காலை 10:26

அப்படியென்றால் சரி. ஒத்துக்கொள்கிறேன்.

வடவாறு | ஏப்ரல் 10, மாலை 4:50

காட்டுமன்னார்கோவில் பக்கம் இருந்து. தலைப்பில் வீராணத்தைக் காணோம், ஆகவே நானாக நுழைகிறேன். எங்கள் ஏரி நிரம்பினால் 47.50 அடி, 1,465 மில்லியன் கன அடி. ஆனால் சித்திரையில் எத்தனையோ வருஷம் அதில் மாடுதான் மேய்கிறது. கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் விட்டு, சென்னைக்கு அனுப்ப நிறுத்தி வைத்திருக்கும் வருஷத்தில் கதை வேறு. அப்போது மேல்காற்று அடித்தால் அலை நேரே கிழக்குக் கரையில் வந்து மோதும். கரைச்சரிவில் பதித்த அலைகல்லில் சளார் சளார் என்று அடிப்பது ரோட்டில் போகும்போதே கேட்கும். பரிசலில் மீன் பிடிப்பவர்களைக் காற்று கரைக்கே தள்ளிவிடும், அந்த மட்டில் நாங்கள் பாக்கியசாலிகள். ஆனால் அலைகல்லில் மோதினால் பரிசல் கிழியும்.

வேதை உப்பளம் | ஏப்ரல் 10, இரவு 7:30

இடிமழை வந்தால் மீனவருக்கு ஒரு நாள் பிழைப்பு போகிறது. எங்களுக்குப் பாத்தியில் பூத்த உப்பு கரைந்தால் வெளுத்துத் திரும்ப எடுக்கப் பத்து நாளாகும். ஆகவே நாங்கள் மேற்கைப் பார்க்காமல் சோறு தின்பதில்லை. தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்பார்கள். உப்பளத்தில் அந்தப் பழமொழி பலித்ததும் உண்டு, தவறியதும் உண்டு. காற்று நின்றால் வரும் என்பது மட்டும் இதுவரை அவ்வளவாக ஏமாற்றியதில்லை. பிற்பகல் இரண்டரை, மூன்று மணிக்குக் கடல்காற்று இருக்க வேண்டிய நேரத்தில் இல்லை என்றால் நாங்கள் சேர்த்த உப்பை மேட்டில் அள்ளிக் கொட்டிக் கீற்றுப் போட்டுவிடுவோம்.

துடுப்பு | ஏப்ரல் 10, இரவு 8:10

எல்லாருடையதையும் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். "மூணு மணிக்குக் கரைக்கு வான்னு சொல்றாங்க, இறாலு நாலு மணிக்குல்ல வலையில விழுது" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தினமும் மூன்று மணிக்குத் திரும்பினால் டீசல் காசுகூட மிஞ்சாது.

கருக்கல் தம்பி, ஒரு யோசனை. ஒரத்தநாட்டுக்கு மேலே மேகம் வந்து காற்று திரும்பினால் லகூனுக்கு வர எவ்வளவு நேரமாகும்?

கருக்கல் | ஏப்ரல் 10, இரவு 8:32

நேர்கோட்டில் நாற்பது கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். மேகம் மணிக்கு முப்பது, நாற்பது என்று நகரும், காற்று அதற்கு முன்னால் ஓடும். முக்கால் மணி, ஒரு மணி. சில நாள் வராமலே செத்துப்போகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

துடுப்பு | ஏப்ரல் 10, இரவு 8:40

அப்படியானால் உங்கள் ஊரில் காற்று திரும்பியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். எடுக்கமாட்டேன், மணி அடித்தால் போதும். நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். லகூனில் ஐந்தாறு இடத்தில்தான் டவர் கிடைக்கும், அதில் ஒன்றிலேயே வலையைப் போட்டுக்கொள்கிறேன்.

துடுப்பு | ஏப்ரல் 14, இரவு 7:55

சித்திரை முதல் நாள் வாழ்த்துகள். கணக்கு சொல்லிவிடுகிறேன்.

11ஆம் தேதி மூன்றரைக்கு மிஸ்டு கால். வலையைப் பாதியில் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தோம். ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் வரவில்லை, ஒரு இலை ஆடவில்லை. தம்பி என்னோடு பேசவில்லை.

13ஆம் தேதி நாலு பத்துக்கு மிஸ்டு கால். "இன்னிக்கும் அதே கதைதான்" என்றான். இருந்தாலும் வந்துவிட்டோம். ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது காடு வெள்ளையாகத் திரும்பியது. கரையில் கட்டியிருந்த வள்ளத்தையே கயிறு அறுகிற மாதிரி இழுத்தது. பக்கத்து வள்ளத்தின் தார்ப்பாய் கழன்று பறந்து போய் முள்ளுக்காட்டில் மாட்டிக்கொண்டது, இன்னும் எடுக்கவில்லை. தம்பி டீக்கடைச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "அந்த ஒரத்தநாட்டு அண்ணன் ஞாயித்துக்கிழமையும் போன் பண்ணுவாரா?" என்று கேட்டான்.

கருக்கல் | ஏப்ரல் 14, இரவு 8:20

பண்ணுவேன். கல்யாணத்துக்குப் போகும் நாள் மட்டும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். பட்டுக்கோட்டையில் யாராவது ஒருவர் சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது. நான் சொல்லி அரை மணியில் அவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னால் 11ஆம் தேதி மாதிரி ஏமாற்றம் குறையும்.

பட்டுக்கோட்டை_தென்னை | ஏப்ரல் 14, இரவு 8:47

நான் இருக்கிறேன். கஜாவில் விழுந்தது போக மிச்சம் நிற்கும் தென்னை வீட்டைச் சுற்றி இருக்கிறது, காற்று திரும்பினால் மட்டை சத்தமே சொல்லிவிடும். நம்பர் அனுப்புங்கள்.

உளுந்துக்காடு | ஏப்ரல் 14, இரவு 9:10

13ஆம் தேதி என் களம் முழுக்க நனைந்தது. உளுந்து ஊறி முளைவிடப் பார்க்கிறது. எனக்கு மட்டும் யாரும் மிஸ்டு கால் கொடுக்கவில்லை.